மூடியில் எழுதாதவை

(மும்பை டப்பாவாலாக்களைப் பற்றிச் சிறுதொழில் முனைவோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டில் சமைத்த மதியச் சாப்பாட்டு டப்பாவை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் டப்பாவாலாக்கள். அவர்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே மேலாண்மை வகுப்புகளில் ஓர் எண் வந்து விழுந்துவிடும். 60 லட்சம் டப்பாக்களில் ஒன்றுதான் தவறும் என்பார் ஒருவர். இல்லை, 1 கோடியே 60 லட்சத்தில் ஒன்று என்பார் அடுத்தவர். பிழை மிக மிக அரிது என்பதைக் குறிக்கும் 'சிக்ஸ் சிக்மா' என்ற பட்டமும் கூடவே வரும். 1998இல் ஃபோர்ப்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியான பிறகு ஊரெல்லாம் பரவிய பேச்சு இது. யாரும் வருடக்கணக்கில் டப்பாக்களை எண்ணித் தவறியவற்றைக் குறித்துவைத்துப் போட்ட கணக்கு இல்லை. அதனால் அந்த எண்ணை இன்றைக்கு ஓரமாக வைத்துவிடுவோம். அது இல்லாமலே வியந்துபோக நிறைய இருக்கிறது. பெருந்தொற்றுக்கு முன்பு ஏறக்குறைய 5,000 பேர், நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் டப்பாக்களை வீடுகளிலிருந்து அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சாப்பிட்டு முடித்த பாத்திரத்தை அன்று மாலைக்குள் அதே வீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் 8ஆம் வகுப்பைத் தாண்டாதவர்கள். கணினியும் கிடையாது, ரசீதும் கிடையாது.

எப்படி முடிந்தது? பல பேர் பல விதமாகச் சொல்கிறார்கள். என் கருத்து இதுதான்: ஒவ்வொருவரும் கொஞ்சமே தெரிந்துகொண்டால் போதும் என்று வேலையைப் பிரித்தார்கள். தங்களால் ஆகாததை ஆகாது என்று முதலிலேயே சொன்னார்கள்.

முதலில் ஊரைப் பாருங்கள். மும்பை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிற நகரம். போரிவலி, அந்தேரி, வில்லே பார்லே, காட்கோபர், முலுண்ட் என்று வீடுகள் வடக்கே. கோட்டை, சர்ச்கேட், நரிமன் பாயிண்ட் என்று பழைய அலுவலகங்கள் தெற்கே. நடுவில் இணைப்பது புறநகர் ரயில். காலையில் அந்த ரயிலில் ஏறுகிறவர் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்தாக வேண்டும்; கையில் சாம்பார் கேரியரோடு ஏறுவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அது மட்டுமா? அவர் ஏழு, ஏழரைக்குக் கிளம்பும்போது வீட்டில் சோறு வெந்திருக்காது. ஆள் முதலில் போய்விடுகிறார். சாப்பாடு பின்னால் போகிறது. டப்பாக்கள் ரயில் ஏறுவது பத்து, பத்தரைக்கு மேல், கூட்டம் வடிந்த பிறகு. காலிப் பாத்திரங்கள் திரும்புவது மாலைக் கூட்டம் தொடங்கும் முன்பு. இரண்டு நெரிசல்களுக்கு நடுவே காலியாக ஓடுகிற வண்டிகளை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். லாரி வாங்கவில்லை, கிடங்கு கட்டவில்லை. ரயில்வே வகுத்த கால அட்டவணைதான் அவர்களுக்கு மேலாளர். சர்ச்கேட் வண்டி டப்பாவுக்காகக் காத்திருக்காது என்பது 5,000 பேருக்கும் தெரியும். யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை.

இதைச் சென்னையில் தொடங்கலாமே என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. வீடுகள் எல்லாம் ஒரு பக்கம், அலுவலகங்கள் எல்லாம் மறுபக்கம், நடுவே சில நிமிடங்களுக்கு ஒரு ரயில் என்று அமைந்த ஊரைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

இப்போது அந்த மூடிக்கு வருகிறேன். டப்பாவின் மூடியில் வண்ணத்தால் தீட்டியிருப்பார்கள். ஆரம்ப நாட்களில் வண்ண நூலும் துணித்துண்டும் கட்டி அடையாளம் வைத்ததாகச் சொல்வார்கள். பிறகு பெயிண்ட் வந்தது. மூடியின் நடுவில் பெரிதாக ஓர் எண் இருக்கும், 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பா எந்த வட்டாரத்தில் இறங்க வேண்டும் என்பதற்கு அது. ஓரத்தில் சிறிதாக '9 இஎக்ஸ் 12' என்று இருந்தால், இறங்கும் இடத்தில் 9ஆம் எண்ணுக்குரிய ஆள் எடுத்துக்கொண்டு, எக்ஸ்பிரஸ் டவர்ஸ் கட்டடத்தின் 12ஆம் மாடியில் கொடுக்க வேண்டும். புறப்பட்ட நிலையத்துக்கு ஓர் அடையாளம். வீட்டிலிருந்து எடுத்துவந்த ஆளுக்கு ஓர் எழுத்து. அவ்வளவுதான்.

இதில் என்னென்ன இல்லை என்று கவனியுங்கள். சாப்பிடுகிறவர் பெயர் இல்லை. வீட்டு முகவரி இல்லை. தெருப் பெயர் இல்லை, தொலைபேசி எண் இல்லை. வில்லே பார்லேயில் எந்த வீட்டு எந்தக் கதவு என்பது, அங்கே தினமும் முப்பது வீடுகளில் மணியடிக்கிற ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அவர் தலையில் இருப்பதை மூடியில் எழுதுவானேன்? 12ஆம் மாடியில் எந்த மேசை என்பது அங்கே ஏறி இறங்குகிறவருக்குத் தெரியும். நடுவில் ரயிலில் கொண்டுபோகிறவர் பார்க்க வேண்டியது அந்தப் பெரிய எண் ஒன்றைத்தான். ஒரு டப்பா போய்ச் சேருவதற்குள் மூன்று நான்கு கை மாறுகிறது. ஒவ்வொரு கையும் தனக்கு வேண்டிய ஒரு குறியை மட்டும் படிக்கிறது. நம் கூரியர் உறைகளில் எத்தனை வரி அச்சடிக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

பிரிக்கும் இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். தாதர் போன்ற நிலையத்தில் மரச்சட்டத் தட்டுகள் இறங்கும். ஆள் உயரத்துக்கு மேல் நீளம், ஒன்றில் முப்பத்தைந்து நாற்பது டப்பாக்கள், தலையில் ஏற்றினால் அறுபது கிலோவுக்குக் குறையாது. வண்டி நிற்பது அரை நிமிடம் சொச்சம். அதற்குள் லக்கேஜ் பெட்டியிலிருந்து தட்டுகளை இறக்கிவிட்டு அடுத்ததை ஏற்ற வேண்டும். பிறகு நடைமேடையிலோ வெளியே நடைபாதையிலோ குந்தி உட்கார்ந்து, பழைய தட்டிலிருந்து எடுத்து அடுத்த தட்டுக்கு மாற்றுவார்கள். கை எடுக்கும், கண் மூடியைப் பார்க்கும், அதற்குள் டப்பா அடுத்த தட்டில் இருக்கும். 3 என்று எழுதிய குவியலில் ஒரு 8 வந்துவிட்டால், எடுக்கிற முதல் ஆள் கண்ணில் பட்டுவிடும். இரவுக் கணக்கில் பிழை தேடுகிற வழக்கம் இல்லை; பிழை அடுத்த கையைத் தாண்டுவதில்லை.

இனி ஆட்கள். 1890இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே என்பவர் தொடங்கிவைத்த தொழில் இது. இன்றும் பெரும்பாலோர் புனே மாவட்டத்து மாவல், ஜுன்னர், கேட், முல்ஷி பக்கத்துக் கிராமத்தார். பண்டரிபுரத்து விட்டலனை வணங்கும் வார்க்கரி மரபினர் நிறையப் பேர். பக்திதான் ரகசியம் என்று சிலர் எழுதுகிறார்கள். பசித்தவனுக்குச் சோறு கொடுப்பது பூசை என்று அவர்களும் சொல்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் பக்திமான்கள் நடத்திப் படுத்துப்போன தொழில்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது பங்கு. இருபது பேர் போல ஒரு குழு. அதற்கு முகாதம் என்று ஒரு மூத்தவர். குழுவின் வரவைச் சேர்த்து, ரயில் பாஸ், சைக்கிள் செலவு போக மிச்சத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். புதிதாக வருகிறவர் சில மாதம் வேலை பழகிய பிறகு பணம் கட்டித்தான் பங்காளி ஆக முடியும். அப்படிப் பணம் போட்டவர், பக்கத்து ஆள் குடித்துவிட்டு வந்தால் சும்மா விடுவாரா? தொப்பி போடாமல் வந்தாலும் அபராதம் உண்டு. 1956இல் அறக்கட்டளையும் 1968இல் சங்கமும் பதிவாகின. ஆனாலும் அன்றாட முடிவுகள் இன்றும் குழுவுக்குள்தான்.

குழுவில் எப்போதும் தேவைக்கு மேல் ஆள் இருக்கும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவர் சைக்கிள் பஞ்சர் என்றால் உடனே இன்னொருவர் அந்தத் தெருவுக்குப் போவார். அவருக்கும் அந்த வீடுகள் தெரியும். ஆள் குறைப்பதுதான் திறமை என்று நமக்குப் பாடம் நடத்துகிற ஆலோசகர்கள் இந்தக் கூடுதல் ஆட்களைத்தான் முதலில் கழித்துக்கட்டுவார்கள். கழித்த மறு மழைக்காலத்தில் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடிக்கையாளரிடமும் அவர்கள் குழைவதில்லை. காலையில் டப்பா வாசலில் தயாராக இருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தாமதமானால் எச்சரிக்கை. அதற்கும் மேல் போனால் அந்த வீட்டை விட்டுவிடுவார்கள். ஒரு வீட்டுக்காக ஐந்து நிமிடம் நின்றால் முப்பது வீட்டுச் சோறு ரயிலைத் தவறவிடும் என்ற கணக்கு. தட்டில் அடங்காத பாத்திரத்துக்கும் இடம் இல்லை. 2003இல் இளவரசர் சார்லஸ் சர்ச்கேட்டில் அவர்களைப் பார்க்க வந்தபோது, அவர்கள் வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்துக்கு அவர்தான் வரவேண்டியிருந்தது. உங்களில் எத்தனை பேர் ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்லியிருப்பீர்கள்? நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

2011 வரை வேலைநிறுத்தம் என்பது அவர்கள் அறியாதது. அந்த ஆண்டு ஆகஸ்டில், ஊழலுக்கு எதிராகப் போராடிய அண்ணா ஹசாரேவுக்கு ஆதரவாக ஒரு நாள் டப்பா எடுக்காமல் ஊர்வலம் போனபோது, 120 ஆண்டுகளில் முதல்முறை என்று செய்தித்தாள்கள் எழுதின.

ஆனால் 2020 மார்ச்சில் புறநகர் ரயில் நின்றது. ரயிலை நம்பிய தொழில் அதோடு நின்றது. பொதுமக்கள் மறுபடி ஏறக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. 2021இல் இரண்டாம் அலையில் திரும்பவும் நிறுத்தினார்கள். பலர் ஊருக்குப் போய் வயலைப் பார்த்தார்கள்; சிலர் காவலாளி வேலைக்குப் போனார்கள். ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் அலுவலகம் என்றாகிவிட்டது பலருக்கு; அவர்கள் மாதக் கட்டணம் கட்டி டப்பா வைத்துக்கொள்வார்களா? கைப்பேசியில் தட்டினால் பிரியாணி வருகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அடர்த்தி. முன்பு ஒருவர் ஒரே தெருவில் நாலைந்து கட்டடங்களில் முப்பது டப்பாக்களை எடுத்தார். அதனால்தான் மாதக் கட்டணம் ஒரு குமாஸ்தாவுக்குக் கட்டுப்படியானது. அந்த முப்பது பதினைந்தாகிவிட்டால், பதினைந்தும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதில்லை. அதே நேரம், அதே நடை, பாதி வரவு. பழைய வருமானம் வேண்டுமென்றால் கட்டணத்தை ஏற்ற வேண்டும்; ஏற்றினால் இன்னும் இரண்டு வீடு குறையும். இன்று ஒவ்வொரு முகாதமும் தன் குழுவோடு உட்கார்ந்து போட்டுக்கொண்டிருக்கிற கணக்கு இது. உங்கள் விநியோகத் தொழிலிலும் இதே கணக்கு உண்டு. கேள்வி நேரத்தில் அதை எண்களோடு பேசுவோம். நன்றி.