சிலிண்டரை எடைபோட்டவருக்கும் ஒரு மேடை

அவையோருக்கு வணக்கம்.

ஓசோன் படலத்தைக் காத்தவர்கள் என்றதும் மூன்று பெயர்கள் நினைவுக்கு வரும்: பால் குருட்சன், மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட். 1995-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த சிஎஃப்சி (குளோரோஃப்ளூரோகார்பன்) வாயு கீழே எதோடும் வினைபுரியாமல், ஓசோன் படலம் இருக்கும் மேலடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் வரை ஏறும், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரினை விடுவிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974-லேயே எழுதினார்கள். ஒரு குளோரின் அணு தான் அழியாமலே ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழித்துவிடும். அவர்களுக்குக் கிடைத்த பெருமை முழுக்கத் தகும். ஆனால் ஓசோன் காப்புக்கான விருதுகளை இனி யாருக்கெல்லாம், எப்படிப் பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று யோசிக்கும்போது, அந்த வரிசையில் பின்னால் நிற்பவர்களும் நினைவுக்கு வரவேண்டும். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

முதலில், அளந்தவர்கள். டாப்சன் கருவி சூரிய ஒளியில் இரண்டு அலைநீளங்களை ஒப்பிடும். ஒன்றை ஓசோன் நன்றாக உறிஞ்சும், மற்றதைக் கொஞ்சமாக. அந்த வித்தியாசத்திலிருந்து தலைக்கு மேல் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். மேலே உள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்ட அழுத்தத்துக்கு, பூஜ்யம் டிகிரிக்குக் கொண்டுவந்தால் 3 மில்லிமீட்டர் தடிமன் வரும் என்றால், அது 300 டாப்சன் அலகு. நம்மைக் காக்கும் படலத்தின் கனம் அவ்வளவுதான்.

அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்தில் 1950-களின் பிற்பகுதியிலிருந்து இந்த அளவைத் தொடர்ந்து எடுத்துவந்தார்கள். ஆரம்பத்தில் 300 அளவில் இருந்த அக்டோபர் மாதச் சராசரி 1984-ல் 200-க்கும் கீழே போயிருந்தது. பிரிட்டிஷ் விஞ்ஞானிகளான ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்லின் மூவரும் 1985 மே மாதம் இதை வெளியிட்டார்கள். அவசரப்பட்டு எழுதவில்லை. கருவி பழுதாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, வேறு கருவி வைத்தும் பார்த்தார்கள். அதிலும் அதே சரிவு.

அண்டார்டிகாவிலேயே உள்ள ஜப்பானின் ஷோவா நிலையத்தில் ஷிகேரு சுபாச்சி 1982-லேயே, அங்கு வசந்த காலமான செப்டம்பர், அக்டோபரில் ஓசோன் விநோதமாகக் குறைந்திருப்பதை அளந்தார். 1984-ல் கிரீஸில் நடந்த ஓசோன் மாநாட்டிலும் அதை வைத்தார். அப்போது அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. கையில் இருந்தது ஓர் ஆண்டுக் கணக்கு. ஹேலியிடம் இருந்ததோ கால் நூற்றாண்டுக் கணக்கு. அதனால் அவருடைய பங்கு சிறியதாகிவிடாது. பாராட்டுப் பட்டியல்களில் அவர் பெயர் விடுபடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஓசோன் குறைந்ததைக் காட்டிய செயற்கைக்கோள் அளவுகளைக் கணினி தூக்கி எறிந்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது. அது சரியல்ல. 180-க்குக் கீழே வந்த அளவுகள் சந்தேகத்துக்குரியவை என்று குறியிடப்பட்டிருந்தன. விஞ்ஞானிகள் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சரிபார்க்கத் தென்துருவ நிலையத்தின் அளவை எடுத்தால், அது 300 அளவில் இருந்தது. அந்த எண்தான் தவறு என்று பிறகுதான் தெரிந்தது. தரையில் ஒருவர் தவறாக அளந்தால் வானத்தில் சரியாக அளந்ததும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

துருவ மேகங்களின் பனித்துகள் பரப்பில்தான் குளோரின் உசுப்பப்படுகிறது என்று விளக்கி, 1986-ல் அண்டார்டிகாவின் மெக்மர்டோ நிலையத்துக்குக் குழுவைத் தலைமை தாங்கி அழைத்துப்போனவர் சூசன் சாலமன். நாடுகளைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவந்தவர் அப்போது ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் தலைவராக இருந்த முஸ்தஃபா டோல்பா. 1987 செப்டம்பர் 16-ல், ஓசோனை அழிக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்பாடு பிறந்தது. இவையெல்லாம் பலமுறை சொல்லப்பட்டவை.

இனி, கையில் ஸ்பேனர் பிடித்தவருக்கு வருவோம். ஓசோனை அழிக்கும் ஆர்-22 என்ற குளிர்விப்பு வாயு நிரப்பிய பழைய ஏசி ஒன்றைக் கழற்றுகிறார்கள் என்று வையுங்கள். வால்வைத் திறந்துவிட்டால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. வாயுவுக்கு நிறமில்லை, கேட்க ஆளுமில்லை. ஒழுங்காக வேலை செய்பவர் முதலில், மீட்ட வாயுவைச் சேர்க்கும் ரிக்கவரி சிலிண்டரை எடை போட்டு எழுதுகிறார். ஹோஸில் உள்ள காற்றை வெளியேற்றுகிறார். பிறகுதான் ஏசியின் வாயுவை உறிஞ்சி சிலிண்டருக்குள் தள்ளும் ரிக்கவரி மெஷினை ஓட்டுகிறார். சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. சூட்டில் திரவம் விரியும். விரிய இடமில்லாவிட்டால் சிலிண்டர் வெடிக்கும்.

அழுத்தம் காட்டும் கேஜ் முள் வேக்குவத்துக்கு, அதாவது வெற்றிட நிலைக்கு, இறங்கியதும் பலர் மெஷினை அணைத்துவிடுவார்கள். தேர்ந்த கை சில நிமிடம் காத்திருக்கும். கம்ப்ரசர் ஆயிலில் கரைந்திருந்த வாயு மெதுவாக வெளியேறி, முள் மறுபடி ஏறும். மறுபடி ஓட்டவேண்டும். முள் ஏறாமல் நிற்கும்வரை வேலை முடியவில்லை.

எடுத்த வாயுவை வேறு வாயு இருந்த சிலிண்டரில் கொட்டினால் இரண்டுமே வீண். கலவையைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது பெரும்பாலும் நடக்காத காரியம், அழிக்கத்தான் அனுப்பவேண்டும்.

கசிவு இருக்கும் ஏசி மெஷினில் கேஸ் ஏற்றிவிட்டுப் போவது இந்தத் தொழிலின் பெரிய பாவம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஓட்டையைக் கண்டு அடைக்கவேண்டும். பிறகு அழுத்தம் 500 மைக்ரான் அளவுக்கு இறங்கும் வரை வேக்குவம் எடுத்து, பம்பை வால்வு போட்டுப் பிரித்துவிட்டுக் கவனிக்கவேண்டும். அளவு கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

இவருக்கு விருது கொடுப்பது எப்படி? மீட்ட வாயுவைக் கிலோவில் மட்டும் எண்ணினால் தப்பான ஆளுக்குப் போய்ச் சேரும். கசிவை முழுக்க அடைப்பவரிடம் அடுத்த ஆண்டு பழுதுக்கு வரும் மெஷின்களே குறையும். அவர் மீட்கும் கிலோவும் குறையும். ஆகவே ஓராண்டுப் பதிவேட்டைக் கேளுங்கள். எத்தனை மெஷின், ஒவ்வொன்றிலும் எடுத்தது எவ்வளவு, திரும்ப ஏற்றியது எவ்வளவு, புதிதாக வாங்கிய கேஸ் எவ்வளவு. அதே மெஷினுக்கு இரண்டாம் முறை கேஸ் ஏற்றியிருந்தால் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டில் உள்ள நாலைந்து சிலிண்டரை நேரில் எடைபோட்டுப் பாருங்கள்.

சுங்கத்துறை அதிகாரியையும் இப்படித்தான் மதிப்பிடவேண்டும். உள்ளே இருப்பது எந்த வாயு என்பதற்குச் சிலிண்டர் மேல் ஒட்டிய லேபிள் சாட்சியாகாது. வாயு எது என்று காட்டும் ஐடென்டிஃபையர் கருவியில் மாதிரியைச் செலுத்திப் பார்த்தவரின் சோதனைப் பதிவே சாட்சி.

ஆய்வாளர்களின் விருதுக்கு 2018-ஐ நினைவில் வையுங்கள். உலகம் முழுக்க உற்பத்தி நின்றிருக்கவேண்டிய சிஎஃப்சி-11, காற்றில் குறையவேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று ஸ்டீபன் மான்ட்ஸ்கா குழு காட்டியது. கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹடெருமா நிலையங்களின் அளவுகளை வைத்து, 2019-ல் கிழக்குச் சீனாவிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 7,000 டன் கூடுதலாக வெளியேறுவதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன்பின் அந்த வெளியேற்றம் குறைந்தது. கடலோர நிலையத்தில் நாள் தவறாமல் காற்றின் மாதிரியை அளந்தவர்கள் இல்லாவிட்டால் இந்தத் தவறு பிடிபட்டிருக்காது.

ஆகவே விண்ணப்பப் படிவத்தில், ஆய்வறிக்கையின் ஆசிரியர் யார் என்ற கேள்விக்குக் கீழே இன்னொரு கேள்வியும் வேண்டும்: இந்த அளவுகளை எடுத்தவர்கள் யார் யார்? பெயர் எழுத ஒரு வரி போதாது, ஒரு பக்கம் விடுங்கள். அண்டார்டிகா மேல் ஓசோன் 1980-ன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது கணிப்பு. அதுவரை ஒவ்வோர் அக்டோபரிலும் யாரோ ஒருவர் கருவி முன் நின்று எண்ணைக் குறிக்கவேண்டியிருக்கிறது.