கிடைக்குமா சார்?

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பொறியியல் சேர்க்கை பற்றி ஒரு கிளை நூலகத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். வாசலில் நிற்கிறவர்கள் உள்ளே வந்து உட்காருங்கள், முன் பெஞ்சு காலியாகத்தான் இருக்கிறது. முன் பெஞ்சு என்றாலே நம் ஊரில் ஒரு பயம்.

ரிசல்ட் வந்த நாளிலிருந்து என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "சார், பையனுக்கு 191.5 வருது, கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்குமா?" என்று ஒரு அம்மா. காலையில் பால் ஊற்ற வந்தவரும் இதையேதான் கேட்டார். வெறும் 191.5-ஐ வைத்துக்கொண்டு கிடைக்கும், கிடைக்காது என்று சொல்ல ஜோசியரால் முடியும். நான் கணக்கு வாத்தியார்.

அந்த 191.5-ஐத்தான் கட்-ஆஃப் என்கிறோம், பொறியியல் சேர்க்கைக்காகப் பிளஸ் டூ மார்க்கிலிருந்து போடும் கணக்கு. அது எப்படி வருகிறது என்று பார்ப்போம். கணிதம் நூறுக்கு நூறாக அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருங்கும். மொத்தம் 200. நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் 300-க்குப் போட்டார்கள். 2007-ல் அது போனபின் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும்தான் கணக்கு. ஆக, கணிதத்தில் விட்ட ஒரு மார்க், வேதியியலில் விட்ட இரண்டு மார்க்குக்குச் சமம்.

இரண்டு பிள்ளைகள். ஒருத்தி கணிதம் 100, இயற்பியல் 96, வேதியியல் 99. இன்னொருத்தன் 99, 98, 99. கூட்டிப் பாருங்கள், இருவருக்கும் 197.5. ஆனால் ரேங்க் ஒன்று இல்லை. கட்-ஆஃப் சமமானால் முதலில் கணிதத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியல். அப்படியே ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் பிறந்த தேதி, அதற்கும் பிறகு ரேண்டம் எண். அந்தப் பெண் முன்னால் போய்விடுவாள். மேலே கூட்டம் அதிகம் என்பதால், ஒரே கட்-ஆஃபுக்குள்ளேயே ரேங்க் நிறைய தள்ளிப்போகும்.

இடத்தைத் தீர்மானிப்பது ரேங்க்தான். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி, நீங்கள் எவ்வளவு எடுத்தீர்கள் என்பது இல்லை. 2021-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் பரீட்சையே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 சதவீதம், பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டிலிருந்து 30 என்று சேர்த்து மதிப்பெண் போட்டார்கள். அந்த வருடத்து 195-ம் பரீட்சை எழுதி வாங்கிய வருடத்து 195-ம் ஒன்றாகுமா? ஒரு கல்லூரியில் கடைசியாக இடம் பிடித்தவரின் மார்க்கையும் கட்-ஆஃப் என்றுதான் சொல்வார்கள். வினாத்தாள் கடினமானால் அது இறங்கும். கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கூடினாலும் இறங்கும். ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்வியை மேற்பார்க்கும் ஏஐசிடிஇ, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு எடுத்துவிட்டது. அதனால் போன வருடத்துக் கட்-ஆஃபை மட்டும் பார்த்து அழவும் வேண்டாம், இனிப்பு வாங்கவும் வேண்டாம். மூன்று வருடத்தை எடுத்து, நீங்கள் கேட்கும் கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவு எந்த ரேங்க் வரை போனது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மூன்றிலும் உங்கள் ரேங்க் தாராளமாக உள்ளே இருந்தால் அநேகமாகக் கிடைக்கும். ஒன்றில் உள்ளே, இரண்டில் வெளியே என்றால் இழுபறி. அதையும் நீங்கள் கொடுக்கும் விருப்பப் பட்டியலில் போடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எழுதும்போது சமூகப் பிரிவு ரேங்கையும் பாருங்கள். 31 சதவீதம் பொதுப்பிரிவு, 26.5 பிசி, 3.5 பிசி முஸ்லிம், 20 எம்பிசி, 15 எஸ்சி, 3 அருந்ததியர், 1 எஸ்டி. அந்த 31-ஐ முற்பட்ட சாதிக்காரர்களுக்கான கோட்டா என்று இன்னமும் படித்தவர்களே பேசுகிறார்கள். அது யாருக்கும் உரியது. ரேங்க் எட்டினால் பிசி பிள்ளைக்கும் எஸ்சி பிள்ளைக்கும் அந்த இடமே கிடைக்கும், எட்டாதபோதுதான் தன் பிரிவு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீதம் தனி. கல்விக் கட்டணமும் அரசு கட்டிவிடும். அரசு உதவிபெறும் பள்ளிக்கு இது கிடையாது. நான் வேலை பார்த்தது அப்படிப்பட்ட பள்ளி. வருடத்துக்கு ஒருவராவது வந்து என்னிடம் சண்டை போடுவார், சட்டத்தை நான் எழுதினமாதிரி.

சரி, இப்போது என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

2018-ல்தான் கலந்தாய்வு, அதாவது ரேங்க் வரிசைப்படி இடம் கொடுப்பது, ஆன்லைனுக்கு வந்தது. அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போகவேண்டும். ராத்திரி பஸ் பிடித்து, கோயம்பேட்டில் இறங்கிப் பல் விளக்கி, குடும்பத்தோடு போய் உட்கார்ந்தால், திரையில் காலியிடம் ஓடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறையும். இருப்பதைச் சட்டென்று பிடித்துக்கொள் என்பதுதான் அந்தக் காலத்துப் பாடம். என் புத்தி அதிலேயே நின்றுவிட்டது.

ஆன்லைன் வந்த பிறகு, என்னிடம் படித்த ஒரு பையன், தறிக்காரர் மகன். கோவையில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் மீது அவனுக்கு ஆசை. "அது எட்டாதுடா, கிடைக்கிறதை முதல்ல போடு, இல்லேன்னா அதுவும் கையை விட்டுப் போயிடும்" என்றேன். வாத்தியார் சொன்னால் வேதம். அப்படியே போட்டான், முதல் சாய்ஸே கிடைத்தது, வந்து காலில் விழுந்தான். ரவுண்டு முடிந்தபின் பார்த்தால், அவன் பிரிவிலேயே அவனுக்குப் பின்னால் நின்ற ஒருவனுக்கு அந்த மெக்கானிக்கல் கிடைத்திருந்தது.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று நான் அப்போது யோசிக்கவே இல்லை. முதல் ரேங்க்காரர் பட்டியலை எடுத்து மேலிருந்து இறங்கும், காலியாக இருக்கும் முதல் சாய்ஸைக் கொடுக்கும். அப்புறம்தான் அடுத்த ரேங்க். உங்கள் முறை வரும்போது முதல் சாய்ஸ் இல்லையென்றால், அதே நிமிடம் இரண்டாவதைப் பார்க்கும். எட்டாததை மேலே எழுதியதற்காகக் கீழே உள்ளதை உங்களுக்குப் பின்னால் நிற்கிறவர் தட்டிப் பறிக்க முடியாது. ஆகவே பட்டியல் முழுக்க உங்கள் ஆசை வரிசை, நிச்சயமானவை அடியில். நிறைய போடுங்கள், நானூற்றுக்கும் மேல் கல்லூரிகள் இருக்கின்றன. மேலே இருப்பவர்கள் மருத்துவத்துக்கும் ஐஐடிக்கும் போகப்போக இடம் காலியாகும். இப்போதெல்லாம் கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, மேல் சாய்ஸ் காலியானால் மாற்றிக்கொடு என்று சொல்லவும் வழி உண்டு.

அந்தப் பையன் இன்று நல்ல வேலையில்தான் இருக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்குத்தான் அவன் வீட்டுத் தெருவில் தறிச் சத்தம் கேட்டால் நடை வேகமாகிவிடும்.

191.5 என்று கேட்ட அம்மா வந்திருக்கிறார்கள், பார்த்தேன். அம்மா, ரேங்க் பட்டியல் வெளியான மறுநாள் பையனை இங்கே அனுப்புங்கள். சர்டிபிகேட் கட்டெல்லாம் வேண்டாம். அவன் ரேங்க், பிரிவு ரேங்க், கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில். பேனா வேண்டாம், வரிசையை நாலைந்து தடவை அழித்து எழுத வேண்டியிருக்கும்.