நின்றுகொண்டே வாசித்தவர்

நண்பர்களே, பெரிய கம்பெனிகளைச் சாராமல் இயங்கும் இண்டி ராக் இசையின் டிரம்ஸ் என்றதும் என் நினைவுக்கு முதலில் வருபவர் மோரீன் டக்கர். மோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இண்டி என்ற பெயரே புழக்கத்துக்கு வராத 1965இல், நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற ராக் குழுவில் சேர்ந்தவர். யாரிடமும் உட்கார்ந்து பாடம் கேட்டவர் அல்ல. நைஜீரியாவின் டிரம்ஸ் கலைஞர் பாபாதுண்டே ஒலாதுன்ஜி, அமெரிக்காவின் ராக் பாடகர் போ டிட்லி, இவர்களுடைய இசைத்தட்டுகளே அவருக்குக் குரு.

அவர் வாசித்த விதத்தைச் சொல்கிறேன். காலால் மிதித்து ஒலிக்கவைக்கும் பேஸ் டிரம்மை, முகம் மேலே பார்க்கும்படி படுக்கவைத்துவிட்டார். உட்கார ஆசனம் கிடையாது. நின்றபடி, மெத்தென்ற முனை கொண்ட கோல்களால் அதைத் தட்டுவார். சிம்பல் என்ற உலோகத் தட்டை அபூர்வமாகத்தான் தொடுவார், அதன் இரைச்சல் பாட்டை அமுக்கிவிடும் என்று. பக்கத்தில் குழுவின் தோழர்களான லூ ரீடின் கிட்டாரும், ஜான் கேலின் வயோலா என்ற பெரிய வயலினும் அலறிக்கொண்டிருக்கும். இவருடைய காலப்பிரமாணம் மட்டும் அசையாது. எளிமையான வாசிப்பு என்று இதை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒருநாளும் ஒத்துப்போகாது. கைவசம் இருப்பதையெல்லாம் கொட்டாமல் இருக்க எவ்வளவு காது வேண்டும்!

1970இல் வயிற்றில் குழந்தை. அந்த ஆண்டு வந்த இசைத்தட்டில் அவர் வாசிக்கவில்லை. அப்புறம் குழுவை விட்டார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தார்.

1980களின் தொடக்கத்தில் அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிது. வீட்டுக் கூடத்திலேயே ஒரு முழு இசைத்தட்டைப் பதிவு செய்தார். டிரம்ஸ், கிட்டார், பேஸ் கிட்டார் என அத்தனை வாத்தியமும் அவரே. அதில் போ டிட்லியின் பாட்டும் உண்டு, பழைய ஐரோப்பிய சாஸ்திரிய இசை மேதை விவால்டியின் இசையும் உண்டு! 1989இல் அடுத்த இசைத்தட்டு வந்தபோது சோனிக் யூத் என்ற ராக் குழுவினரும், பழைய நண்பர் லூ ரீடும் வந்து உடன் வாசித்தார்கள். 1993இல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் மறுபடி கூடி ஐரோப்பா முழுக்கச் சுற்றியபோது மோவும் இருந்தார்.

சரி, 1967இல் வெளியான அவர்களுடைய முதல் இசைத்தட்டிலிருந்து ‘ஹெராயின்’ பாட்டை இப்போது போடப்போகிறோம். ஐந்து நிமிடம் தாண்டியதும் டிரம்ஸ் சட்டென்று நின்றுபோகும். மற்றவர்களின் இரைச்சலில் தனக்கு எதுவுமே கேட்கவில்லை, அதனால் நிறுத்திவிட்டேன் என்று மோ பிற்பாடு சொன்னார். யாரும் பாட்டை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே உள்ளே வந்து சேர்ந்துகொள்வார். அந்த இடத்தைக் கவனித்துக் கேளுங்கள்.