ஜிம்முக்குப் போகிறவரின் உப்புக் கணக்கு

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க. விடியற்காலையில் ரேஸ்கோர்ஸில் நடக்கிறவர்கள், ஷிப்ட் முடிந்ததும் ஜிம்முக்கு ஓடுகிற பிள்ளைகள் என்று உடம்பைப் பேணுகிறவர்கள் நம் பக்கம் இப்போது நிறைய. உணவு ஆலோசனைக்கு வரும்போது புரதம் எத்தனை கிராம் என்று டக்கென்று சொல்லிவிடுகிறார்கள். உப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும், "கொழம்புல கம்மியாத்தானுங்க போடறோம்" என்பதோடு சரி.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள். உப்பாகச் சொன்னால் 5 கிராம்; தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. புது உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேலேயே தேதியை எழுதி வையுங்கள். நாலு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் நாளைக்கு 20 கிராம் என்றால், ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். ஒரு மாசத்துக்குள் தீர்ந்துவிட்டால் கை தாராளம் என்று அர்த்தம். இதில் ஊறுகாயும் கடைப் பலகாரமும் சேரவே இல்லை.

என்னைக் கேட்டால், குறைக்க வேண்டிய உப்பு குழம்பில் இருப்பதைவிடத் தொட்டுக்கொள்வதில்தான் அதிகம். நம் அரிசிம்பருப்புச் சாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதுவான சாப்பாடு, அளவான உப்பு. ஆனால் காரசாரமாக இல்லையே என்று பக்கத்தில் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றும் வந்து உட்கார்ந்துவிடும். ஊறுகாயும் மோர்மிளகாயும் உப்பிலேயே ஊறியவை. அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியம்தான். மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சாதத்தில் கை வைக்க வேண்டாம்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கும் ஒரு தம்பி வந்திருந்தார். "ஏனுங்க மேடம், கோழியக்கூட உப்பில்லாம வேகவெச்சுத்தான் திங்கறேன். ஒரே ராத்திரியில ஒரு கிலோ ஏறிப்போச்சுங்க" என்றார், முகம் வாடிப்போய். முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாயங்காலம் ரோட்டோரக் கடையில் ஒரு பிளேட் காளான், ராத்திரி பாக்கெட் நூடுல்ஸ். காளானில் ஊற்றுகிற சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நூடுல்ஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் அந்த அளவுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். அப்படியிருக்க, தம்பி, உப்பில்லாத கோழியை எதற்குச் சிரமப்பட்டு விழுங்க வேண்டும்? ராத்திரியில் ஏறிய அந்த ஒரு கிலோவில் பெரும்பகுதி, உப்பு பிடித்து வைத்த தண்ணீர். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் இரண்டொரு நாளில் இறங்கிவிடும். கொழுப்பு என்று பயந்து மறுநாள் பட்டினி கிடக்காதீர்கள்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஆனால் அந்த எண் 100 கிராமுக்கா, முழுப் பாக்கெட்டுக்கா என்பதையும் பாருங்கள்.

சரி, வியர்வையில் உப்பு போகிறதே என்பார்கள். போகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் ஒரு கிராம் சோடியம்கூடப் போகலாம். ஆளுக்கு ஆள் நிறைய வித்தியாசம் உண்டு. பனியன் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படிந்தால் உங்களுக்கு உப்பு அதிகம் போகிறது என்று கொள்ளலாம். ஆனாலும் ஒரு மணி நேர ஜிம்முக்குத் தனியாக உப்புத் தண்ணீர் தேவையில்லை, வீட்டுச் சாப்பாடே ஈடுகட்டிவிடும்.

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களுக்கும் மாரத்தான் ஓடுகிறவர்களுக்கும் சொல்வது வேறு. மணிக்கணக்கில் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல் வரும். முற்றினால் புத்தி தடுமாறி வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்து. தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், கூடவே ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துப்போங்கள். ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் அதிகம் இருப்பது பொட்டாசியம். வியர்வையில் போன சோடியத்துக்கு அது மட்டும் ஈடாகாது.

அப்புறம் இந்துப்பு. அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், அளவில் சலுகை கிடையாது. அயோடின் சேர்க்காததாகவும் இருக்கலாம், பார்த்து வாங்குங்கள். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பிரஷருக்கு மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டியே கேளுங்கள். வணக்கமுங்க.