தாய் கூலி கேட்பாளா என்று கேட்ட எதிரணிக்கு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'சமூகப் பணியாளருக்கு முதலில் வேண்டியது தொண்டு உள்ளமா, தொழில் உரிமையா' என்பது தலைப்பு. நான் தொழில் உரிமை. முறையான படிப்பு, நடத்தை நெறி, நிலையான வேலை, நாள் தவறாத சம்பளம் எல்லாம் அதில் அடக்கம் என்று எங்கள் அணித் தலைவர் விளக்கிவிட்டார். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கேள்வி கேட்டார், அரங்கமே கைதட்டியது. "பெத்த தாய் பால் கொடுக்கக் கூலி கேட்பாளா? சேவை செய்ய வந்தவங்களுக்குச் சம்பளச் சீட்டு எதுக்கு?" என்றார். அண்ணா, அதை விடமாட்டேன், வருகிறேன். அதற்கு முன்னால் எல்லாரும் என்னோடு சென்ட்ரல் ஸ்டேஷன் வரை வாருங்கள்.

என் தோழி ஒருத்தி, பெயர் வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் வந்தால் ஓடிப்போகிற வேலையில் இருந்தாள். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு, பிளாட்பாரத்தில் ஒரு பையன் தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று தகவல். எட்டு, ஒன்பது வயசு. தமிழ் தெரியாது. அழவும் இல்லை. ஒரு காலில் செருப்பு இருக்கிறது, இன்னொரு காலில் இல்லை. இவள் அவன் தலைக்கு மேலே போய் நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பன்னைப் பிய்த்துத் தான் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். ரொம்ப நேரம் கழித்து அவன் எடுத்தான்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு செல்போன். இவள் துப்பட்டாவால் பையன் முகத்தை மறைத்தாள். "ஏம்மா மறைக்கிற, வாட்ஸ்அப்ல போட்டாத்தானே பெத்தவங்க பார்ப்பாங்க?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். அவருக்கும் நல்ல மனசுதான். ஆனால் பராமரிப்பு தேவைப்படும் ஒரு குழந்தையை அடையாளம் காட்டி வெளியிடுவது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை, இல்லையென்றால் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

அப்போதுதான் ஓர் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். சரியான பெயர். "என் அக்கா பையன்" என்றார். கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். "அதான் மாமா வந்துட்டாரே, அனுப்பி வைம்மா, புண்ணியமாப் போகும்" என்று ஒரு பெரியம்மா சொன்னார். தோழி அந்த ஆளைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தாள். அவன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான். வாயில் பன் அப்படியே இருக்கிறது. முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"அடையாள அட்டையோட நாளைக்குக் குழந்தை நலக் குழு முன்னாடி வாங்க, அவங்க விசாரிச்சு முடிவு பண்ணுவாங்க" என்றாள். அந்த ஆள் கத்தினார். கூட்டமும் அவர் பக்கம் சேர்ந்து கத்தியது. "காசு வாங்கிட்டு வேலை பார்க்கிறவளுக்குப் பிள்ளையோட அருமை எங்க தெரியப் போகுது" என்று ஒரு குரல் வந்தது, அண்ணன் இன்று கேட்டாரே, கிட்டத்தட்ட அதே கேள்வி. இவள் நகரவில்லை. ஆதார் எடுத்து வருகிறேன் என்று போன அந்த ஆள் திரும்பி வரவே இல்லை.

ரயில்வே போலீசில் பதிவு, மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழு முன் ஆஜர், எல்லாம் முறைப்படி நடந்தது. பையனின் மொழி தெரிந்த ஒருவர் வந்தபிறகு அவன் பேசினான். பை தைக்கிற பட்டறையில் வேலைக்கு வைக்க ஊரிலிருந்து அழைத்து வந்தவர்தான் அந்த 'மாமா'.

மறுபடி ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். அதே பிளாட்பாரம், அதே பையன், அதே மாமா. தோழிக்குப் பதில் நான் நிற்கிறேன். எனக்கு இரக்கம் நிறைய உண்டு. என்ன செய்திருப்பேன்? பையனைப் போட்டோ எடுத்துப் பத்துக் குழுவில் போட்டிருப்பேன். மாமா கையில் ஒப்படைத்திருப்பேன். வழிச்செலவுக்கு நூறு ரூபாயும் கொடுத்திருப்பேன். அந்தப் பெரியம்மா என்னைக் கும்பிட்டிருப்பார். பையன் பட்டறைக்குப் போயிருப்பான்! கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தொண்டு உள்ளம் இருந்தது. முழுங்காமல் வைத்திருந்த அந்த வாய்ப் பன்னைப் பார்த்தவள் ஒருத்திதான்.

அந்தக் கண் எங்கிருந்து வந்தது? எழும்பூரில் சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. 1952-ல் தொடங்கியவர் மேரி கிளப்வாலா ஜாதவ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காக ஓடி ஓடி உழைத்தவர். தொண்டு உள்ளத்துக்கு இந்த ஊரில் அவரைவிட யாரைக் காட்டுவீர்கள்? அவருக்கே உள்ளம் மட்டும் போதாது என்று தெரிந்துதான் கல்லூரி தொடங்கினார். இரண்டு வருஷப் படிப்பு, களப்பணி, ஹோம் விசிட், அதை எழுதிக் கொண்டுபோனால் சூப்பர்வைசர் போடுகிற சிவப்பு மை. அதற்கெல்லாம் பிறகும் மருத்துவருக்கு இருப்பதுபோல, வழக்கறிஞருக்கு 1961-லிருந்து இருப்பதுபோல, சமூகப் பணியாளர் எல்லாருக்குமான ஒரு சட்டபூர்வ மன்றம் நாட்டில் இன்னும் இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவப் பணிகள் சட்டத்தில் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்களைச் சேர்த்தார்கள். பிளாட்பாரத்தில் உட்கார்ந்தவள் அதில் இல்லை.

இப்போது அண்ணன் கேள்விக்கு வருகிறேன். தாய் பால் கொடுக்கக் கூலி கேட்பாளா? கேட்கமாட்டாள். ஆனால் அண்ணா, உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளைப் பட்டினியாகவா போட்டீர்கள்? விடிவதற்கு முன்னால் காசிமேட்டுக்குப் போய் பால் சுறா வாங்கி வந்து, புட்டு செய்து, பூண்டை உரித்துப் போட்டு, "சாப்பிடும்மா, பால் நல்லா ஊறும்" என்று உட்காரவைத்துப் போட்டீர்களா, இல்லையா? அவளுக்கு வேண்டியதை அவள் கேட்பதற்கு முன்னால் குடும்பமே ஓடிச் செய்தது. அதனால் அவள் கேட்கவில்லை! எங்கள் பணியாளருக்கு யார் ஓடினார்கள்?

தாயைப் பற்றிப் பேசியது நீங்கள், அதனால் இதையும் கேளுங்கள். அதே தோழி மூன்று வருஷம் கழித்து மாசமாக இருந்தாள். 2017-ல் திருத்திய மகப்பேறு சட்டம் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்றது. இவளோ வருஷா வருஷம் புதுப்பிக்கிற தொகுப்பூதிய ஆள். "மார்ச்சோட புராஜெக்ட் முடியுதும்மா, ஃபண்டிங் வந்தா கூப்பிடுறோம்" என்றார்கள். ஃபண்டிங் வந்தது, வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். ராத்திரி ராத்திரியாக ஊரான் பிள்ளையைக் காத்தவள் தன் பிள்ளையைப் பெறப் போனபோது வேலை இல்லை. அவள் கூலியா கேட்டாள் அண்ணா? விடுப்புதானே கேட்டாள்!

நேரம் முடியப்போகிறது, தெரிகிறது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வரிசையில் என் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அப்பா ஒரு மருத்துவமனையில் விடியற்காலை போனபோது எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. அங்கே சமூகப் பணியாளராக இருந்த ஒரு சின்னப் பெண்தான் அமரர் ஊர்திக்குச் சொன்னாள், கையெழுத்து வாங்கினாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அழாதீங்க என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாள் போன் செய்து, "இறப்புச் சான்றிதழ் வாங்கிட்டீங்களாம்மா, பென்ஷனுக்கு எழுதிப் போடணும்" என்றாள். விண்ணப்பம் பாஸ் ஆகும்வரை விடவில்லை. அந்த முதல் பணம் வந்த அன்று அம்மா அவளைப் பார்க்கக் கேசரி செய்து எடுத்துக்கொண்டு போனார். ஒப்பந்தம் முடிந்து போய்விட்டாள் என்றார்கள். போன தீபாவளிக்குத் தி.நகரில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவை அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள். "பென்ஷன் மாசா மாசம் ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டாள். அம்மா அந்தக் கவுன்டரிலேயே அழுதுவிட்டார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பை எந்த அணிக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். அந்த இரண்டு பெண்களையும் மட்டும் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள், நிரந்தரமாகக் கூப்பிடச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.