திறந்த பிறகே மூடுங்கள்

இக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வருகை தந்திருக்கும் மன்ற உறுப்பினர்களே, நகரமைப்புத் துறை அலுவலர்களே, நடைப்பயிற்சியாளர் சங்கத்துப் பெரியவர்களே, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். எனக்கு முன் பேசிய பொறியாளர் ஐயா அவர்கள், நம் பூங்கா நிலத்தில் கட்டவிருக்கும் நீரேற்று நிலையத்தின் தேவையை விளக்கியபோது, அதில் மறுப்பதற்கு ஒரு சொல்லும் எனக்கு அகப்படவில்லை; அவருக்கு என் நன்றி.

பூங்கா நிலத்தை நகராட்சி வேறு பணிக்கு எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடு எது, அதை முடிவு செய்ய வேண்டியவர் யார், அந்த ஈடு எப்போது நம் கைக்கு வர வேண்டும் என்ற மூன்றையும் பேச எண்ணியிருக்கிறேன். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள் நம் பெரியவர்கள். ஆற்றில் போடுவதற்கே அளவு உண்டென்றால், ஊரார் நிலத்தை எடுப்பதற்கு எத்தனை அளவு வேண்டும்!

அமெரிக்காவில் 1965-ஆம் ஆண்டின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின்கீழ் உதவி பெற்ற பூங்காவைப் பொழுதுபோக்கு அல்லாத பயனுக்கு மாற்ற வேண்டுமானால், கூட்டரசின் ஒப்புதல் பெற வேண்டும். சந்தை மதிப்பில் குறையாததும், பயனிலும் அமைவிடத்திலும் ஏறத்தாழ நிகரானதுமான மாற்று நிலத்தையும் தர வேண்டும். மதிப்பு, பயன், இடம் என மூன்று அளவுகோல்களை அச்சட்டம் வைத்திருக்கிறது. நம்மிடையே பெரும்பாலும் சதுர அடி ஒன்றையே அளக்கிறார்கள்.

அப்படி அளந்த ஓரிடத்தை நான் நேரில் பார்த்தேன். எங்கள் பகுதிப் பூங்காவைக் குப்பை வண்டிகள் நிறுத்துமிடமாக மாற்றியபோது, அதே பரப்பில் நிலம் ஒதுக்கியிருப்பதாகத் தெரிவித்தார்கள். அதைப் பார்த்துவரப் புறப்பட்டோம். பழைய பூங்காவில் நாள் தவறாமல் நடந்த எண்பது வயதுப் பெரியவர் ஒருவரும் கைத்தடியுடன் எங்களோடு வந்தார். வழியில் பெருஞ்சாலை குறுக்கிட்டது. இரண்டு முறை பச்சை விளக்கு எரிந்து அணைந்தும் அவரால் கடக்க இயலவில்லை. மூன்றாம் முறை நாங்கள் இருபுறமும் அவர் கையைப் பற்றிக்கொண்டு கடந்தோம். அப்பால் ஒரு சந்து, சந்தின் முடிவில் ஒரு பள்ளம், பள்ளத்தில் முழங்கால் அளவு முட்செடி. புதிதாக நட்டிருந்த எல்லைக்கல்லின் மேல் பெரியவர் உட்கார்ந்தார். செருப்பிலிருந்து முள்ளைப் பிடுங்கியபடியே, “தம்பி, இங்கே வந்து சேர்வதற்குள்ளேயே என் நடைப்பயிற்சி முடிந்துவிட்டதப்பா” என்றார். நாங்கள் சிரிக்க முயன்றோம், சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு அவர் மாலை வேளைகளில் வீட்டுத் திண்ணையைவிட்டு இறங்கியதில்லை. ஏட்டில் எங்களுக்கு ஒரு சதுர அடிகூடக் குறையவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. அளக்கும்போது பெரியவரின் நடையையும் சேர்த்து அள.

முடிவு செய்ய வேண்டியவர் யார் என்பதற்கு நீதிமன்றங்கள் வழி காட்டியிருக்கின்றன. நியூயார்க்கின் வான் கோர்ட்லாண்ட் பூங்காவின் அடியில் குடிநீர் வடிகட்டும் நிலையம் கட்ட அந்நகரம் முற்பட்டபோது, பணி முடிந்ததும் மேற்பரப்பைப் பழையபடியே ஆக்கித் தருவதாகச் சொன்ன பிறகும், மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் தேவை என்று அம்மாநில உச்ச மேல்முறையீட்டு மன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த ஆணை செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991-இல் உறுதி செய்தது. மருத்துவமனை நல்ல காரியமே. பூங்காவின் இடத்தை அது நிரப்பாது.

ஆயினும் நான் இங்கு வந்ததே நான்காவது அளவொன்றைச் சொல்வதற்காகத்தான்: அது காலம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பூங்கா நிலத்தின்மேல் புதிய பேஸ்பால் அரங்கம் எழுப்பும் பணி 2006-இல் தொடங்கியது. அதற்கு ஈடாகப் பழைய அரங்கம் இருந்த இடத்தில் அமைத்த ஆடுகளங்கள் 2012-இல்தான் திறக்கப்பட்டன. தொடக்கத்தில் எட்டு வயதாக இருந்த சிறுவனுக்கு அப்போது பதினான்கு வயது. இழந்த ஏக்கரைத் திருப்பித் தரலாம். அவனுடைய ஆறு ஆண்டுகளை எந்தக் கருவூலத்திலிருந்து எடுத்துத் தருவது?

ஆகவே, மன்ற உறுப்பினர்களே, பணிந்து கேட்கிறேன். ‘மாற்று இடம் வழங்கப்படும்’ என்று வருங்காலத்தில் எழுதும் தீர்மானத்திற்கு ஒப்புதல் தராதீர்கள். புதிய பூங்காவில் நடைபாதை போட்டு, நிழல் தரும் மரம் வளர்த்து, ஊஞ்சல் கட்டி, பிள்ளைகளை உள்ளே விட்ட பிறகே பழைய பூங்காவின் கதவைப் பூட்ட வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள், போடும் முன்புதான் அளக்கச் சொன்னார்கள். இந்த ஒரு வரியைத் தீர்மானத்தில் சேர்க்கக் கோரும் விண்ணப்பம் வாயிலருகே மேசையில் இருக்கிறது. பெயரோடு, உங்கள் வீட்டிலிருந்து பூங்காவுக்கு எத்தனை நிமிட நடை என்பதையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.