இரவில் மட்டும் கேட்கும் நிலையங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பௌதிகம் படிப்பிப்பவர்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சேர், மகளுக்குப் பௌதிகம் நல்லா வரும். ஆனா கோட்பாட்டு ஆராய்ச்சி எண்டு போனா அதாலே என்ன பிரயோசனம்?" பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துத்தான் கேட்கிறார்கள், அது நியாயம். கோட்பாடு, பிரயோகம் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய் என்று பிள்ளையிடம் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. ஏன் என்பதை வானொலியை வைத்தே சொல்கிறேன்.

மத்திய அலை கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பகலில் குமிழைத் திருப்பினால் பக்கத்து நிலையங்கள் மட்டும்தான். பொழுதுபட்டு ஏழு எட்டு மணியானால் கடலுக்கு அப்பாலிருந்து குரல்கள் வரும். தெரியாத மொழியில் செய்தி, எங்கோ ஒரு பாட்டு, கொஞ்சம் தெளிந்து, கொஞ்சம் மங்கி. ஏன் இரவில் மட்டும்? தலைக்கு மேலே 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில், வளியிலிருந்து இலத்திரன்களைச் சூரியன் பிரித்துவிடுகிறது. இப்படி உண்டாகும் படை (அடுக்கு) பகலில் மத்திய அலையை உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்ததும் இலத்திரன்கள் திரும்பச் சேர்ந்து, படை கலைந்துபோகும். அதற்கும் மேலே இருக்கிற படைகள் இரவிலும் நிற்கும். அலை அங்கே போய் வளைந்து நிலத்துக்குத் திரும்பி வரும். ஒரு காலத்தில் இலங்கை வானொலியைச் சிற்றலையில் இந்தியா எங்கும் கேட்கக்கூடியதாக இருந்ததும் அயன மண்டலம் எனப்படும் இந்தப் படைகளால்தான்.

சரி, அங்கே ஒரு படை இருக்கிறது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? வானொலியிலிருந்து அல்ல. திசைகாட்டி ஊசி ஒவ்வொரு நாளும் மிகச் சிறிய அளவு அசைகிறது. அதற்குக் காரணம் மேல் வளியில் ஓடுகிற மின்னோட்டமாக இருக்கலாம் என்று ஸ்கொட்லாந்துக்காரரான பல்போர் ஸ்டூவர்ட் 1882இல் எழுதினார். ஜேர்மன் பௌதிகவியலாளர் ஹேர்ட்ஸ் வானொலி அலையை உண்டாக்கிக் காட்டவே இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. கவனியுங்கள், வானொலி பிறக்க முன்பே வானொலியின் கூரை கடதாசியில் இருந்தது! 1901இல் மார்க்கோனியின் சைகை அத்திலாந்திக்கைக் கடந்தது. நேராகப் போகிற அலை உருண்டையான பூமியைச் சுற்றி எப்படிப் போனது? மேலே மின்கடத்தும் படை இருக்க வேண்டும் என்று 1902இல் அமெரிக்காவில் கெனலியும் இங்கிலாந்தில் ஹெவிசைட்டும் தனித்தனியே சொன்னார்கள். அப்போதும் அது கடதாசியில்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். 1924 டிசெம்பர் 11. இங்கிலாந்தின் போர்ண்மத் நகரில் பிபிசி நிலையத்தின் இரவு நிகழ்ச்சிகள் முடிந்துவிட்டன. ஊர் உறங்குகிறது. எட்வேர்ட் அப்பிள்டனும் அவருடைய மாணவர் பார்னெட்டும் ஒக்ஸ்பர்ட்டில் வானொலி வாங்கி ஒன்றோடு காத்திருக்கிறார்கள். நிலையத்தார் அலைநீளத்தை மெல்ல மெல்ல மாற்றுகிறார்கள். ஒரு அலை நிலத்தை ஒட்டி நேரே வருகிறது. மேலே ஒரு படை இருந்தால் இன்னொரு அலை அதில் பட்டு இறங்கி வர வேண்டும். ஊஞ்சலை இரண்டு பேர் ஒரே நேரத்தில் தள்ளினால் உயரும், மாறித் தள்ளினால் அடங்கும். அந்த இரண்டு அலைகளுக்கும் அதுதான் நடந்தது: வாங்கியில் சைகை கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. எத்தனை முறை கூடிக் குறைந்தது என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்து படையின் உயரத்தைக் கணக்கிட்டார்கள், ஏறத்தாழ 90 கிலோமீற்றர். ஏணி இல்லை, விமானம் இல்லை, உந்துகணை இல்லை. ஒரு நிலையம், ஒரு வாங்கி, ஒரு கணக்கு, அவ்வளவுதான். இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். 1947இல் அப்பிள்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த இரவு நடந்து ஒரு வருடத்தில், 1925 டிசெம்பரில், கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கிவிட்டது.

ஆகவே சொல்கிறேன்: கடதாசியில் இருந்த கோட்பாடு இல்லாமல் அப்பிள்டனின் இரவு இல்லை.

எங்கள் ஆட்களிலும் ஒருவரைச் சொல்ல வேண்டும். கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் கோட்பாட்டுப் பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்தவர். வேகம் மாறும் இலத்திரன் ஒளியை வீசுகிறது. அப்படி வீசுவதே இலத்திரனைத் திருப்பித் தாக்கும். அந்தத் தாக்கத்துக்கு டிராக் எழுதிய சமன்பாட்டை 1943இல் எலியேசர் ஆராய்ந்தார். அதன்படி, அணுவின் கருவை நோக்கி நேரே விழுகிற இலத்திரன் கருவைத் தொடாமலே திரும்பி ஓடிவிடும்! இது நடக்கக் கூடியதல்ல, ஆகவே சமன்பாட்டில் ஏதோ குறை இருக்கிறது. அதற்கு மாற்றாக அவர் முன்வைத்த சமன்பாடு இன்றும் அவர் பெயரைச் சேர்த்தே வழங்குகிறது. இந்த எதிர்த்தாக்கத்தைப் பலம் மிகுந்த லேசர் ஒளியில் பரிசோதித்த முடிவுகள் 2018இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்தன. இடையில் எழுபத்தைந்து வருடங்கள்.

நேரம் நெருங்குகிறது, கடைசிக்கு வைத்திருந்ததைச் சுருக்கித்தான் சொல்ல வேண்டும். திசைகாட்டி ஊசி மேலும் கீழும் சாயாமல் மட்டமாக நிற்கிற காந்த மத்தியகோட்டை ஒட்டித்தான் நாங்கள் இருக்கிறோம். அந்தக் கோட்டை ஒட்டி இருப்பதற்காகவே கேரளத்துத் தும்பாவை உந்துகணை ஏவ எடுத்தார்கள், 1963இல் முதலாவதை ஏவினார்கள். இந்தக் கோட்டின் மேலே பொழுதுபட்ட பிறகு அயன மண்டலம் கலங்கி, ஜி.பி.எஸ். சைகைகள் நடுங்குவதுண்டு. அதை அளக்க, கூரையில் வைக்கிற நல்ல வாங்கி ஒன்று போதும். அளந்ததை விளங்கிக்கொள்ளத்தான் கோட்பாடு படித்த அந்தப் பிள்ளை வேண்டும். அம்மா, அப்பா, உங்கள் மகளை விடுங்கள், படிக்கட்டும்.

வணக்கம்.